கழுவாத பஞ்சு

அன்று மதியம் கூடத்தில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

நான். சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் துப்புரவு வேலை. காலை ஷிப்ட் முடித்து அப்போதுதான் உள்ளே வந்திருந்தேன். கையில் வெற்றிலையும் பூவும்.

என் வீட்டுக்காரர். துவாஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இரவு வேலை பார்த்துவிட்டுத் தூங்கி எழுந்து, பனியனோடு நின்றார்.

அவருடைய அக்கா, என் நாத்தனார். ஒத்தாசைக்காக ஜூரோங்கிலிருந்து வந்து ஒரு வாரமாக எங்களோடு இருந்தார். முழங்கைவரை முறுக்கு மாவு.

என் தம்பி. மீன்தொட்டிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான்.

பிறகு மீன்கள். எல்லாம் தண்ணீரின் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

மறுநாள் தீபாவளி.

தம்பி எங்களிடம் வந்தது அதற்கு இரண்டு வருஷம் முன்னால். கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிற வேலை பார்த்தான். ஆள் குறைத்தார்கள், அதில் அவனும் போனான். மனைவி அதற்கு முன்பே பிரிந்துவிட்டாள். வீட்டையும் விற்றாகிவிட்டது. ஒரு பையோடு வந்தான். சின்ன அறையைக் கொடுத்தோம்.

அறைக்குள் போனால் கதவைச் சாத்திக்கொள்வான். சாப்பிட வருவான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பிப் போவான். ஏதாவது கேட்டால் ஆமாம், இல்லை. அதற்கு மேல் பேச்சு கிடையாது. நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை. விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவன் கதவுக்கு வெளியே கொஞ்சம் நிற்பேன். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கும். சரி, இருக்கிறான் என்று போவேன். அப்படி ஒரு வருஷம் போனது. அந்த வருஷம் தீபாவளிக்கும் மத்தியானம்தான் வெளியே வந்தான். தலையில் எண்ணெய் வைக்க விடவில்லை.

பக்கத்து பிளாக்கில் ஒரு மலாய்க்காரர் வீடு மாறினார். அவரிடம் ஆறடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. புது வீட்டில் அதற்கு இடம் இல்லை. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். தம்பிக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே என் வீட்டுக்காரரிடம் கேட்டான்.

"மாமா, ஹால்ல ஒரு மீன்தொட்டி வச்சுக்கலாமா?"

வந்த நாளிலிருந்து அவன் தானாக வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். எவ்வளவு பெரிசு என்றுகூட அவர் கேட்கவில்லை. வச்சுக்க என்றார்.

தொட்டி லிஃப்டுக்குள் நுழையவில்லை. நாங்கள் இருப்பது ஆறாவது மாடி. பட்டறையில் கூட வேலை செய்தவர்கள் வந்து படி வழியாகத் தூக்கினார்கள். அது வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு அளவு தெரிந்தது. டிவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் வைத்தார். திரும்பி வந்து, கீழ்வீட்டுச் சீனப் பாட்டி தலையில் மீன் விழுந்தால் நீதான் பதில் சொல்ல வேண்டும் மாப்ள என்றார். தம்பி சிரித்தான். ஆனால் எடையை அவன் முன்னாலேயே கணக்குப் பார்த்திருந்தான். தாங்கும் உத்தரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அந்தச் சுவரை ஒட்டித்தான் வைத்தான்.

அவன் வளர்க்க நினைத்தது ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய ஏரியில் இருக்கிற மீன்கள். சிக்லிட் என்று பெயர். மஞ்சள், நீலம், கோடு போட்டது. நம் குழாய்த் தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளாது, உப்புக்கல் ஏறிய கிணற்றுத் தண்ணீர் மாதிரி கடினமாக இருக்க வேண்டும் என்றான். அதற்காக அடியில் பவளத்தூள் பரப்பினான். கல்லை அடுக்கிக் குகை கட்டினான். அந்தக் கல்லையெல்லாம் என் பெரிய பானையில் போட்டுக் கொதிக்கவைத்தான். தீபாவளிக்கு ஆட்டுக்கறி ஆக்குகிற பானை. நான் வேறு பானை வாங்கிக்கொண்டேன்.

தண்ணீர் நிரப்பிய பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் மீன் விடவில்லை. வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரை மட்டும் வளர்க்கிறாயா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றான் தம்பி. மீனின் கழிவு தண்ணீரில் விஷமாகும். அந்த விஷத்தைத் தின்கிற நல்ல கிருமிகள் இருக்கின்றன. தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி. தண்ணீர் அதில் இறங்கி, பஞ்சு வழியாகவும் பீங்கான் வளையங்கள் வழியாகவும் வடிந்து, மோட்டாரில் மேலே ஏறும். கிருமிகள் அந்தப் பஞ்சிலும் வளையத்திலும்தான் குடியேற வேண்டும். அவை குடியேறின பிறகுதான் மீன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னான். நான் பாதிதான் கவனித்தேன். அவன் பேசுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீன்கள் வந்தன. எல்லாம் சண்டைக்காரப் பயல்கள். ஒவ்வொன்றும் ஒரு குகையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் குகைக்காரனை விரட்டும். கொஞ்சமாக விட்டால் இளைத்த ஒன்றை அடித்தே கொன்றுவிடும், கூட்டமாக விட்டால் அடி எல்லாருக்கும் பிரிந்துபோகும் என்றான் தம்பி. பெரிய நீல ஆண் ஒன்று இருந்தது. வேலை ஒன்றும் செய்யாமல் எல்லாரையும் விரட்டுகிறது என்று என் வீட்டுக்காரர் அதைச் சூப்பர்வைசர் என்பார். வேலைக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டிக்கொண்டே இன்றைக்கு யார் யாரை அடித்தது என்று கேட்பார். தம்பி விவரமாகச் சொல்வான். கம்பெனி பஸ் போய்விடும் என்று நான் விரட்ட வேண்டும்.

அறைக் கதவு பகலில் திறந்தே இருக்க ஆரம்பித்தது.

தீபாவளி நெருங்கும்போது ஒரு மஞ்சள் பெட்டை முட்டையை வாய்க்குள் வாங்கிக்கொண்டது. தாடை உப்பியிருந்தது. இந்த மீன் அப்படித்தான். மூன்று வாரம்போல ஒன்றும் தின்னாது. குஞ்சு தானாக நீந்துகிற அளவு வந்த பிறகு துப்பும். எங்கள் தொட்டியில் அது முதல் தடவை. தம்பி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். தீபாவளிக்கு வந்துரும் அக்கா என்றான். யாரோ ஊரிலிருந்து வருவதுபோலச் சொன்னான்.

நாத்தனார் வந்தது அப்போதுதான்.

நான் சம்பளத்துக்குத் துடைக்கிறவள். அவர் சும்மாவே துடைப்பார். வந்து இறங்கின அன்றே ஃபேன் இறக்கை, சன்னல் கம்பி, சாமி படங்களின் பின்பக்கம் எல்லாம் முடிந்தது. நான் துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவருடைய கை அப்படி.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது தம்பி பாலிகிளினிக்குக்குப் போயிருந்தான். நான் வேலையில். வீட்டுக்காரர் தூக்கத்தில். நாத்தனார் துடைத்துக்கொண்டே வந்து தொட்டிக்குக் கீழே அலமாரியைத் திறந்தார். பஞ்சு முழுக்கப் பழுப்புச் சேறு. மேலே இவ்வளவு அழகு, கீழே இவ்வளவு அழுக்கா என்று தோன்றியதாகப் பிறகு சொன்னார். ஸ்விட்சை அணைத்தார். எல்லாவற்றையும் எடுத்துப் பாத்ரூமில் போட்டு பிரஷால் தேய்த்தார். வளையங்களுக்குக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினார். சோப்பு போடவில்லை. மீனுக்கு ஆகாது என்று தெரிந்திருந்தது. பஞ்சுகளைச் சமையலறை சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணிகளோடு மாட்டிக் காயவைத்தார். அன்றைக்கு நல்ல வெயில். காய்ந்ததும் எடுத்தது எடுத்த இடத்தில் வைத்து ஸ்விட்சைப் போட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. வீட்டைப் பெருக்கினால் யாரும் வந்து சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

சாயங்காலம் தம்பி வந்து, தண்ணீர் இன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டான்.

அப்புறம்தான் நான் முதலில் சொன்ன மதியம். தம்பி சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டான். மஞ்சளாக இருந்தால் நல்லது. கரும்பச்சையாக மாறியது. விஷம். கடினமான தண்ணீரில் அது இன்னும் வேகமாகக் கொல்லும். அலமாரியைத் திறந்தான். பஞ்சு வாங்கின அன்றைக்கு இருந்ததுபோல வெள்ளையாக இருந்தது.

எங்களைத் திரும்பிப் பார்த்தான். நாத்தனார் மாவுக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, தான்தான் சுத்தம் செய்ததாகச் சொன்னார். அதில்தான் எல்லாம் இருந்தது என்றான் தம்பி. சத்தம் போடவில்லை. எழுந்தான். அறைக்குள் போனான். கதவைச் சாத்திக்கொண்டான்.

மீன் போனால் வேறு மீன் வாங்கலாம். எனக்குப் பயம் அந்தக் கதவு. இந்தத் தடவை சாத்தினால் எப்போது திறப்பான் என்று தெரியாது.

என் வீட்டுக்காரர் தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். தட்டாமல் இறக்கிக்கொண்டார். நாத்தனார் அவரை ஒதுக்கிவிட்டுக் கதவை ஒட்டி நின்றார்.

"தம்பி, கழுவுனது நான். திட்டணும்னா தீபாவளி முடிஞ்சு உக்கார வச்சுத் திட்டு, கேட்டுக்கறேன். இப்ப என்ன செய்யணும்னு சொல்லு. இவங்களுக்கும் தெரியாது. எனக்குக் கழுவ மட்டுந்தான் தெரியும்."

உள்ளே ஃபேன் சத்தம்.

"வாய்ல புள்ளைங்கள வச்சிருக்குதே, அதுவும் மேல வந்துருச்சுப்பா. மூச்சு வாங்குது."

கதவு திறந்தது.

அதற்குப் பிறகு யாரும் நிற்கவில்லை. தம்பி டியூப் போட்டுப் பாதித் தண்ணீரை இறக்கினான். வீட்டிலிருந்த வாளி, பேசின், மாவு பிசைந்த அண்டா எல்லாவற்றிலும் புதுத் தண்ணீர் பிடித்தோம். குளோரின் முறிக்கிற மருந்தை நான் அளந்து ஊற்றினேன். என் வீட்டுக்காரர் தூக்கினார். மஞ்சள் பெட்டையைத் தம்பி வலையில் மெல்ல எடுத்து, பெரிய நீல வாளியில் விட்டு, காற்றுக் குழாய் போட்டுப் பாத்ரூமில் வைத்தான். பயந்தால் முட்டையைத் துப்பிவிடும், இல்லாவிட்டால் விழுங்கிவிடும் என்றான்.

தண்ணீர் மாற்றினால் மட்டும் போதாது. வேறு நல்ல தொட்டியில் ஊறின பஞ்சு வேண்டும், அந்த அழுக்கோடு. காத்தோங் பக்கம் அவன் மீன் வாங்குகிற கடைக்குப் போன் போட்டான். கடைக்காரச் சீனர் தன் தொட்டியிலிருந்தே எடுத்துத் தருகிறேன், வா என்றார். தம்பி தொட்டியை விட்டுப் போக முடியாது.

"நான் போறேன்" என்றார் நாத்தனார்.

நைட்டியை மாற்றிப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். தம்பி சொல்லி அனுப்பினான். தொட்டித் தண்ணீரில் நனைந்தபடியே வர வேண்டும். காயக் கூடாது. பிழியக் கூடாது. குழாயடிப் பக்கமே காட்டக் கூடாது.

"அக்கா, வழியில எங்கயும் கழுவிறாதே" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீ வாளியத் தூக்குடா."

திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு இரைத்தது. தீபாவளிக் கூட்டத்தில் டாக்சி நகரவில்லை. தூரத்திலேயே இறங்கி சிராங்கூன் ரோட்டில் நடந்து வந்திருக்கிறார். மல்லிகை வாங்குகிறவர்கள், துணிப் பையோடு வருகிறவர்கள், எல்லாருக்கும் நடுவில், பஞ்சு நசுங்காமல் இருக்க மார்போடு அணைத்துக்கொண்டு. பை ஒழுகிப் புடவையின் முன்பக்கம் முழுக்கப் பழுப்பாகியிருந்தது. டாக்சிக்காரர் என்ன நாற்றம் என்று கேட்டாராம். மருந்து என்றாராம்.

தம்பி பஞ்சை வாங்கி, கிருமிகள் எங்கும் பரவட்டும் என்று கீழ்ப்பெட்டியில் வைத்துப் பிழிந்தான். சேறு மோட்டாரில் ஏறி மேலே வந்தது. தொட்டித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்குப் போனது. நாத்தனார் கறைப் புடவையோடு நின்று அதையே பார்த்தார்.

"இது போதுமா தம்பி? இன்னொரு தடவை போய்ட்டு வரட்டா?"

"போதும்லா. உக்காருங்க."

எல்லாம் பிழைக்கவில்லை. சூப்பர்வைசர் அன்று சாயங்காலமே போய்விட்டது. அதோடு இன்னும் சில. என் வீட்டுக்காரர்தான் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கீழே போனார். அன்றைக்கு அவர் கிண்டல் பேசவில்லை. மற்றவை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக் குகைக்குள் போயின. அதன்பிறகும் பல நாள் தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினோம்.

தீபாவளி விடிந்தது. நாத்தனார் எல்லாரையும் மணையில் உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் வைத்தார். முதலில் தம்பி. அவன் தலையைக் காட்டினான். குளிக்க வாளி இல்லை. பெரிய வாளியில் மீன் இருந்தது. குழாயடியில் நேராகப் பிடித்து ஊற்றிக்கொள்ளலாம் என்று நாத்தனார் முதலில் பாத்ரூமுக்குள் போனார். போனவர் உடனே மெல்லக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வா. சத்தம் போடாம வா."

பெட்டையின் தாடை ஒட்டிப்போயிருந்தது. வாளியின் அடியில் ஏதோ கிடந்தது. நான் போன் வெளிச்சத்தைக் காட்டினேன். தம்பி மூச்சுவிடாமல் பார்த்தான். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒன்று எழும்பி, இரண்டு விரல்கடை நீந்தி, திரும்ப அடியில் உட்கார்ந்தது. கண் மட்டும் பெரிசாகத் தெரிந்தது. கொஞ்சம் முன்னாலேயே துப்பிவிட்டது, ஆனால் நீந்துகிறது என்றான் தம்பி. தாயை வலையில் எடுத்து ஒரு பேசினில் விட்டான்.

எத்தனை என்று என் வீட்டுக்காரர் வெளியிலிருந்து கேட்டார். துண்டோடு நின்றார். நாத்தனார் எண்ண ஆரம்பித்தார். குஞ்சுகள் இடம் மாறின, விட்டுவிட்டார். மறுபடி எண்ணினார். தம்பியும் பக்கத்தில் குந்தினான். இரண்டு தலையும் வாளிக்கு மேலே.

"எண்ணெ சொட்டப்போகுது, கொஞ்சம் தள்ளுங்க" என்றான்.

என் வீட்டுக்காரர் சின்ன அறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடுகிறதே, கரண்ட் பில் யார் கட்டுவது என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. அவரே போய் அணைத்தார்.

நாத்தனார் ஒரு தடவை எண்ணி முடித்தார். தம்பி ஒரு தடவை எண்ணி முடித்தான்.

பதினாறு.