மூச்சு மெஷினுக்குக் கொஞ்சம் வெயில்

அவிநாசிப் பக்கத்து ஊர்களிலிருந்து டெய்லர் பெண்களை ஏற்றி வந்து எங்கள் கம்பெனி வாசலில் இறக்கிவிடுவதுதான் அந்த வேனுக்குப் பல வருட வேலை. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திருப்பூரில் ஒரு ஷெட்டுக்குள் நாலைந்து மெஷின் போட்டு பனியன் தைத்தாலும் அது கம்பெனிதான். நான் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓனரானவன். ஆர்டர் குறைந்ததும் கடையை ஏறக்கட்டினேன். மெஷின்களை வீரபாண்டிக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். வேனை யாரும் சீந்தவில்லை. கேட்ட ஓரிருவரும் பழைய இரும்பு விலைக்குக் கேட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில், விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அதை வீடாக மாற்றும் எண்ணம் என் மனைவியை முன்னிட்டு வந்தது. அவளுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். குறட்டை திடீரென்று அறுந்துபோகும், அறையே அமைதியாகிவிடும். நான் தோளைத் தட்டுவேன், பெரிதாக ஒரு மூச்சு இழுப்பாள். டாக்டர் ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். மூக்கின் மேல் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தால் அது காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். வீட்டில் அதற்கு மூச்சு மெஷின் என்றே பெயர். அது வந்த பிறகு அவள் குறட்டை நின்றுவிட்டது, என்னுடையது மட்டும் மிச்சம். "மெஷின் எனக்கு, கொறட்டை உங்களுக்குங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் மெஷின் வந்த நாளிலிருந்து அவள் வெளியூரில் ராத்தங்குவதை விட்டுவிட்டாள். தாராபுரத்தில் என் அக்கா மகன் கல்யாணத்தில் மண்டபத்தில் கரண்ட் போய், விடியும்வரை சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். அதை விடவும் அவளுக்குப் பெரிய கஷ்டம் வெட்கம். அடுத்தவர் வீட்டில் அந்த மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. "யானைத் தும்பிக்கையாட்டம் இருக்குதுங்க" என்பாள். கடலோரத்தில் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்பது கல்யாணமான புதிதிலிருந்தே அவள் சொல்லிவந்த ஆசை. அப்போது எனக்கு நேரமில்லை. நேரம் வந்தபோது அவளுக்கு மெஷின் வந்துவிட்டது.

வேனுக்குள் எங்கள் கட்டில், எங்கள் கதவு, எங்கள் திரை என்று இருந்தால் வெட்கப்பட ஆளில்லை. கரண்டுக்கு மட்டும் வழி பண்ண வேண்டும். மேலே சோலார் பேனல், உள்ளே தனியாக ஒரு பேட்டரி. பகலெல்லாம் வெயில் அதை நிரப்பும், ராத்திரி மெஷின் அதில் ஓடும். என்னிடம் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஒரு ராத்திரி பக்கத்துல எங்காச்சும் படுத்துப் பார்ப்பமுங்க. மெஷின் ஒருக்கா நின்னாலும் நான் அப்புறம் வரமாட்டன்."

வயரிங்கை நானே செய்தேன். துணி வெட்டத் தெரிந்தவனுக்கு வயர் வெட்டத் தெரியாதா என்ற திமிர்தான். தையலுக்கு மார்ஜின் விடுகிற மாதிரி ஒவ்வொரு முனையிலும் வயரைக் கொஞ்சம் நீளமாகவே விட்டேன். பேனல் விற்ற கடைக்காரர் தோட்டங்களுக்கு சோலார் மோட்டார் போட்டுக் கொடுப்பவர், என்னைவிட இளையவர். "முதல்ல பேட்டரிய கண்ட்ரோலர்ல மாட்டுங்ணா. பொறவுதான் பேனலு. மாத்திச் செஞ்சீங்கன்னா கண்ட்ரோலர் போயிரும்" என்று அழுத்திச் சொல்லியிருந்தார். கண்ட்ரோலர் என்பது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று கரண்டை அளந்து விடும் சின்னப் பெட்டி. அவர் சொன்ன வரிசை பிசகாமல் மாட்டினேன். பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸ் போட்டேன். திரைக்கு, கம்பெனியில் மிஞ்சிய நீலத் துணி.

பேனலைக் கூரையில் ஏற்றுவதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. மெஷின்கள் போன பிறகு வந்த முதல் பூஜை. கும்பிட வீட்டில் இருந்தவை வேனும் பேனலும் என் கட்டிங் கத்தரியும்தான். மனைவி சந்தனத்தைக் கெட்டியாகக் கரைத்து, பேனலின் நாலு மூலையிலும் நடுவிலும் உள்ளங்கை அகலத்துக்கு அப்பிக் குங்குமம் வைத்தாள். எதற்கும் அத்தனை பெரிய பொட்டு அவள் வைத்து நான் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை.

எங்கள் ஊரில் பூஜையில் வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை. காய்ந்து உதிர்ந்தால் உதிரட்டும், அடுத்த வருடம் பூஜைக்குக் கழுவும்போதுதான் கை வைப்போம். துணி ஓரம் பிரியாமல் தைக்கும் எங்கள் ஓவர்லாக் மெஷின் வருடம் முழுக்க நெற்றியில் சந்தனத்தோடுதான் தைக்கும், ஒரு தையலும் குறையாது. பேனலையும் அப்படியே தூக்கிக் கூரையில் வைத்து போல்ட் முடுக்கினேன். பொட்டு கலையாமல் ஏற்றிவிட்டேன் என்று பெருமை வேறு.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் என் மச்சானுக்குத் தோட்டம் இருக்கிறது. மனைவியின் அண்ணன். காலையிலேயே போய், தென்னை நிழல் படாத வெட்டவெளியில், காற்றாலைகளைப் பார்த்த மாதிரி வேனை நிறுத்தினேன். நல்ல வெயில். மாலையில் கண்ட்ரோலரில் பேட்டரி நிரம்பியதற்கான பச்சை விளக்கு எரியவில்லை. புதுப் பேட்டரி, போகப் போகச் சரியாகும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

விடிவதற்குச் சற்று முன் மெஷின் நின்றது. அவள் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்த வேகத்தில் வேனே ஆடியது. திட்டியிருந்தால் தேவலை. மாஸ்க்கைத் துடைத்து, குழாயைச் சுருட்டி, பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், பல்லடம் தாண்டியதும் சொன்னாள்.

"உட்டுருங்க. கடலெல்லாம் டிவியில பார்த்துக்கறன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் என் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ஃபியூஸை மாற்றினேன். வயர்களைக் கழற்றி முனைகளைச் சீவி மறுபடி முடுக்கினேன். பேட்டரியை ஒரு பேட்டரிக் கடைக்குத் தூக்கிப் போய்ச் சோதித்தால், பிள்ளை நல்ல பிள்ளை என்றார்கள். கண்ட்ரோலர் மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பதறவில்லை. "பேனல போட்டோ எடுத்து அனுப்புங்ணா, பார்க்கலாம்" என்றார். அனுப்பினேன். சற்று நேரத்தில் போன் வந்தது.

"பூசையெல்லாம் ஜோராப் போட்டிருக்கறீங்க. கண்ணாடியில கீறல் ஒண்ணுமில்லீங்ணா. பேனல் சுத்தமா இருக்குது."

அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே.

ஒரு நாள் உச்சி வெயிலில் மீட்டரோடு கூரை மேல் ஏறினேன். பேனலின் வயரைக் கண்ட்ரோலரிலிருந்து கழற்றி, அதில் மட்டும் எவ்வளவு கரண்ட் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குறைவாகத்தான் காட்டியது. கண் கூசியது. மீட்டரின் மேல் நிழல் விழட்டும் என்று கையை நீட்டினேன். கை பேனலின் மேலும் நிழலாக விழுந்தது. எண் சரசரவென்று இறங்கியது. கையை எடுத்தேன், ஏறியது. மறுபடி நீட்டினேன், இறங்கியது. என் உள்ளங்கை நிழலைப் பார்த்தேன். பக்கத்தில் அதே அகலத்தில் காய்ந்த சந்தனம். பேனலில் கட்டம் கட்டமாக இருப்பதெல்லாம் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்தவை, ஒரு கட்டத்தில் பாதி மறைந்தாலும் மற்றவை எல்லாம் அதோடு சேர்ந்து தளரும் என்று கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். அதனால்தானே தென்னை நிழலைத் தவிர்த்தேன். மரத்தின் நிழலுக்குப் பயந்தவன் சந்தனத்தின் நிழலை நினைக்கவில்லை.

பையில் ஈரத்துணி இருந்தது. துடைத்துவிட்டு ஏதோ வயர் லூசாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். துணியைக் கையில் எடுத்தும் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அவளுக்குத் தெரியாமல் அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. இறங்கிப் போய் உள்ளதைச் சொன்னேன்.

அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"நான் வெச்ச பொட்டாலயா மெஷின் நின்னுச்சு?"

"ரண்டு பேராலயுந்தான் அம்மிணி. வெச்சது நீ, ஏத்துனது நானு."

அரிசிப் பாத்திரத்தை ஓரமாக வைத்தாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். வேனின் பின்னால் இருக்கும் ஏணியில் அவள் ஏறுவாள் என்று நான் நினைக்கவே இல்லை. பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். நான் போகிறேன் என்றேன்.

"நான் வெச்சதுங்க. நானே எடுக்கறன். நீங்க போயி மீட்டரப் பாருங்க."

வயரைக் கீழே இழுத்து மீட்டரோடு நின்றேன். அவள் ஏணியில் நின்றபடி, எட்டாத இடத்துக்குக் கூரையில் முழங்காலை ஊன்றி, ஈரப் பனியன் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஒவ்வொரு பொட்டுக்கும் முன்னால் ஒரு நொடி கையெடுத்துக் கும்பிட்டாள். முதல் மூலைக்கு எண் அசையவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. "என்னுங்க, ஏறுதா?" என்று மேலிருந்து கேட்டாள். சங்கிலியில் மூடிய கட்டம் ஒன்றும் மிச்சமில்லாமல், கடைசியாக நடுப் பொட்டும் போனதும் எண் எகிறிக் குதித்தது. நான் உரக்கப் படித்துச் சொன்னேன். அவள் மறுபடி படிக்கச் சொன்னாள், படித்தேன். இறங்கும் முன், கண்ணாடியைத் தொடாமல் ஓரத்து அலுமினியச் சட்டத்தில் கடுகளவு குங்குமம் வைத்தாள்.

மறுபடி உடுமலைக்குப் போய்ச் சோதித்துப் பார்ப்போம் என்றேன். அவள் கேட்கவில்லை.

"நேராக் கடலுக்கே போலாமுங்க. நின்னா அங்க போயே நிக்கட்டும்."

ராமேஸ்வரம் போகும் வழியெல்லாம் வெயில் மேலே கொட்டியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடல் சத்தம் மட்டும் கேட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரையை இழுத்துவிட்டுப் படுத்தோம்.

விடிந்தபோதும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நல்லாத் தூங்குனீங்களா?"

"நல்லாத் தூங்குனேன்."

"பொய்யி. கொறட்டையே கேக்கல."

"நீ தூங்கிருந்தா உனக்கெப்படித் தெரியும்?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "மெஷின் நின்னுருமான்னு காதக் குடுத்துக் கேட்டுட்டே படுத்திருந்தனுங்க."

நான் கேட்டுக்கொண்டிருந்தது மெஷினை இல்லை, அவள் மூச்சை. அந்த மெஷின் வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு ராத்திரிகூட என் காது தூங்கியதில்லை. இவள் போய்விடுவாளோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதை அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரையின் ஓரத்தில் வெயில் விழுந்தது. கண்ட்ரோலரில் வெயில் வருவதற்கான விளக்கு மினுக்கத் தொடங்கியது. அவள் அதைப் பார்த்தாள், மாஸ்க்கை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"இனி நிக்காதுங்க. தூங்குங்க."

எனக்கு எப்போது தூக்கம் வந்தது என்று தெரியாது. என் குறட்டை தாங்கவில்லை என்று அவள் என்னை எழுப்பியபோது வேனுக்குள் நல்ல வெக்கை. அதற்குப் பிறகுதான் கடலைப் பார்க்கப் போனோம்.