கனகாம்பாள் கோத்த கருகமணி

கழுத்தில் கிடக்கும் ஒரு சரம் எவ்வளவு உறுதியாக இருக்கலாம்? பழவேற்காடு ஏரிக்கரையில் கருகமணி கோத்துக் கொடுத்த கனகாம்பாளின் வாழ்க்கை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தோன்றுகிறது. அவள் வாய்விட்டு அப்படிக் கேட்டதில்லை.

அவள் கைவேலையை அழகென்று சொல்லிவிட முடியாது. மணிகள் பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கும். ஆனாலும் அறாது என்ற நம்பிக்கையில் குப்பத்துப் பெண்கள் தாலிச் சரத்தை அவளிடமே கொடுத்தார்கள். மார்பளவு உப்புநீரில் நின்று, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் அவர்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறி என்ற ஓலைக்கூடையைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். அந்த நீரில் பருத்தி நூல் சீக்கிரம் இற்றுவிடும். கனகாம்பாளும் ஒரு காலத்தில் இறங்கியவள்தான். திருக்கை மீனின் முள் குத்திக் கால் புரையோடியபின் கரையோடு நின்றுவிட்டாள். மணி கோப்பது அப்படி வந்த வேலை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் அவளுடைய ஓரகத்தி எல்லம்மாவின் தாலி நீருக்குள் அறுந்து போனது. புருஷன் கடலில் இருக்கும்போது தாலி தண்ணீரோடு போனால் ஊர் என்ன பேசும் என்பது எல்லம்மாவுக்குத் தெரியும். அவன் படகு கரை தொடும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் மணலில் கிடந்தாள். அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் அறுந்தது. இரண்டையும் கோத்தவள் கனகாம்பாள்.

"இன்னொரு வாட்டி அறுந்தா நான் இருக்க மாட்டேங்க்கா" என்றாள் எல்லம்மா.

கனகாம்பாள் நூலுக்குத் தேன்மெழுகு தடவிப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியது, அவ்வளவுதான். புதுவாயல் மோட்டார் கடையிலிருந்து செம்புக் கம்பி வாங்கி வந்தாள். எல்லம்மாவின் கழுத்து பச்சையாகிப் புண்ணானது, மடிந்த இடத்தில் கம்பியும் ஒடிந்தது. அப்போதுதான் அவள் புருஷன் அருணகிரி தூண்டிலுக்கு நைலான் நரம்பு வாங்கி வந்தான். நூலுக்குப் போடும் முடிச்சையே அதற்கும் போட்டாள். நனைந்ததும் முடிச்சு தானாக வழுக்கி அவிழ்ந்து, மணியெல்லாம் காயவைத்த கருவாட்டின் மேல் உருண்டன. பிறகு எச்சில் தொட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, நுனியை விளக்கில் காட்டி உருக்கினாள். மணியின் துளை விளிம்பு நரம்பை அறுக்கும் என்பதால் ஒவ்வொரு மணியையும் பஞ்சில் தேய்த்து, பஞ்சு சிக்கியதை ஒதுக்கினாள். நரம்பில் மஞ்சள் ஒட்டாது. அதனால் சாங்கியத்துக்கு ஒரு மஞ்சள் நூலை அதன்மேல் முடிந்தாள்.

பக்கத்து வீட்டுச் சந்திரகலா சிரித்தாள். "இது இன்னாக்கா, தாலியா தூண்டிலா? புருஷன் மாட்டுவானா இதுல?"

"ஒம் புருஷனுக்கு நரம்பு போதாதுடி. இரை வைக்கணும்."

சிரித்தவளும் மறுவாரம் நரம்புக்கு மாறினாள். அதன்பின் பல வருஷம் ஒருத்தி சரமும் அறவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வந்து, அருணகிரி வலையை மடித்து வைத்துவிட்டு பஸ் ஏறி வேலைக்குப் போகத் தொடங்கினான். அவன் தம்பி, எல்லம்மாவின் புருஷன், கடலை விடவில்லை.

ஒரு கார்த்திகையில் ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்து மணல் உடைந்து நீர் இழுத்தது. குனிந்து துழாவிய எல்லம்மாவின் சரம், நீருக்கடியில் முறிந்து நின்ற வலைக்கழியில் மாட்டிக்கொண்டது. நரம்பு அறவில்லை. முகம் தண்ணீருக்குள் இருக்க, கையை மட்டும் அடித்துக்கொண்டிருந்தாள். சந்திரகலா முங்கிப் போய்ச் சரத்தைக் கழி நுனிக்கு மேலாகக் கழற்றி அவளைத் தூக்கி எடுத்தாள்.

பிழைத்தாள். கழுத்தைச் சுற்றி ஆழமாகத் தடம் விழுந்தது. குரல் பழையபடி வரவில்லை. கனகாம்பாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்றுகூடக் குறையவில்லை.

மாட்டினால் அறுந்துவிடட்டும் என்று பெண்கள் எல்லோரும் வந்து நூலுக்கு மாற்றிக்கொண்டார்கள். புண் ஆறியதும் எல்லம்மாவும் வந்தாள். கனகாம்பாள் நூற்கண்டை எடுத்தபோது எல்லம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"நூலு வேணாங்க்கா. நரம்புலயே கோத்துக் குடு."

"கழுத்தப் பாத்தியாடி நீ?"

"கழுத்து எனுதுதான?"

"அறுந்தாதான் இன்னா? ரெண்டு வாட்டியும் அவன் திரும்பி வந்தான் இல்ல?"

"வர்ற வரிக்கும் நான் இருந்த இருப்பு ஒனுக்குத் தெரியாதுக்கா. தண்ணிக்குள்ள மூச்சு முட்னதெல்லாம் அதுக்கு முன்னால கம்மிதான்."

கனகாம்பாள் நூற்கண்டைக் கீழே வைத்துவிட்டு நரம்பை எடுத்து, எச்சில் தொட்டு, முடிச்சிட்டு, நுனியை உருக்கிக் கொடுத்தாள். எல்லம்மா போனபின் தன் கழுத்துச் சரத்தைக் கழற்றினாள். தண்ணீரில் இறங்காதவள் என்பதால் அது எப்போதும் நூலில்தான் இருந்தது. அதையும் அறுத்து நரம்பில் கோத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை பழைய பறியைத் தட்டி எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, எல்லம்மாவின் பின்னால் ஏரிக்கு நடந்தாள். பஸ்ஸுக்குக் கிளம்பிய அருணகிரி கரையில் வழிமறித்தான்.

"மாசா மாசம் சம்பளம் வந்துக்கினு கீது. இந்தக் கால வச்சிக்கினு ஒனுக்கு இன்னாத்துக்குடி இந்தத் தண்ணி?"

அவள் அதற்குள் பறியைப் பல்லில் கவ்வியிருந்தாள். அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு நீரில் இறங்கி, எல்லம்மாவின் சரம் கைக்கு எட்டும் தூரத்தில் போய் நின்று குனிந்தாள்.