'திருப்பி' ஷாமிலா

கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வேலைக்கு வரும் ஷாமிலாவுக்கு விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் 'திருப்பி' என்று பட்டப்பெயர். தான் சொன்ன உயரத்தை விமானி திருப்பிச் சொல்லும்வரை அவர் விடமாட்டார். விதியும் அதுதான். ஆனால், பழகிய விமானிகள் "விளங்கியது" என்று முடித்துக்கொள்வார்கள். மற்ற அலுவலர்கள் மரியாதைக்காக அதோடு விட்டுவிடுவார்கள்.

கொழும்பிலிருந்து சிறிய பயணிகள் விமானத்தை ஓட்டிவரும் கப்டன் றுவைஸ் அவர்மீது முறைப்பாடு செய்திருந்தார். காலையில் பொறுப்பதிகாரி சிவகுரு கூப்பிட்டுக் கதைத்தார்.

"அவர் பழைய ஆள், பிள்ளை. பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி ஒப்புவிக்கச் சொன்னால் கோபம் வராதே?"

"கோபம் வந்தாலும் உயரம் சரியா வரட்டும், சேர்."

"வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை. அடுத்த கிழமை உங்களை நிரந்தரமாக்கிற கதை வருது. நான் மேலிடத்துக்கு என்னத்தைச் சொல்ல?"

அன்று கச்சான் காற்று பலமாக வீசியது. துறைமுக வாயிலுக்கு மேலே, இரண்டாயிரம் அடியில், ஒரு பயிற்சி விமானம் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. றுவைஸ் நெருங்கியதும் எந்த உயரத்துக்கு இறங்கலாம் என்று ஷாமிலா ஆங்கிலத்தில் அறிவித்தார். "விளங்கியது" என்று மட்டும் பதில் வந்தது.

பின்னால் சிவகுரு நின்றார். ஷாமிலாவின் விரல் பொத்தானில் தயங்கியது. பிறகு அழுத்தினார்.

"உயரத்தைத் திருப்பிச் சொல்லுங்கள்."

ஒரு பெருமூச்சு கேட்டது. "இரண்டாயிரம் அடி."

றுவைஸ் பிழைவிடவில்லை. மூவாயிரம் என்று நினைத்துக்கொண்டு, மனதில் நின்ற பயிற்சி விமானத்தின் உயரத்தைச் சொன்னவர் ஷாமிலாதான்.

"திருத்தம். மூவாயிரம் அடி. அதற்குக் கீழே இறங்க வேண்டாம்."

இம்முறை றுவைஸ் கேட்காமலே முழுதாகத் திருப்பிச் சொன்னார்.

சிவகுரு பின்னால் நிற்கவே ஷாமிலா கேட்டதைத் துணிச்சல் என்று புகழ எனக்கு மனமில்லை. மற்றவர்கள் பிழையாகக் கேட்டுவிடுவார்கள் என்றுதான் அவர் இவ்வளவு நாளும் காவல் நின்றார். தன் சொல்லையே தன்னிடமிருந்து காக்க வேண்டியிருக்கும் என்று அவர் எண்ணியிருக்கவில்லை.

தேநீர் நேரத்தில் றுவைஸ் மேலே ஏறி வந்தார்.

"என்ன திருப்பி, என்னைக் காப்பாத்தினீங்களா, கொல்லப் பாத்தீங்களா?"

"ரெண்டும்தான், கப்டன். பிழை என்னோடதான்."

றுவைஸ் சிரித்துக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிவகுரு சிரிக்கவில்லை.

"திருப்பிக் கேக்கிறதை விடுங்கோ எண்ட மாதிரிச் சொன்னது நான். அதையும் சேர்த்துத்தான் மேலிடத்துக்கு எழுதப் போறன். உங்களை நிரந்தரமாக்கவும் சொல்லி எழுதுவன்."

மறுநாள் ஷாமிலா உயரத்தைச் சொல்லி வாய் மூடுமுன் றுவைஸின் குரல் அதைத் திருப்பிச் சொன்னது, கொஞ்சம் நக்கலாக, ஆனால் முழுதாக. ஷாமிலா கடைசிச் சொல்வரை கேட்டார்.