அடைத்த குழாயும் ஓர் அலவாங்கும்

போன சனிக்கிழமை நான் ஒரு சுவரை உடைக்கப் போனேன். முழுச் சுவரையும் இல்லை... அதன் குழாய்களை அடைத்திருந்த சீமெந்தை மட்டும்.

தெமோதரைக்குப் பக்கத்தில் மலைச்சரிவை வெட்டித்தான் எங்கள் வீட்டு வரிசையைக் கட்டியிருக்கிறார்கள். பின்னால் மண் சரியாமலிருக்க ஒரு கருங்கல் சுவர். அதற்கு மிக அருகில் என் மகள் தூங்கும் அறை. சுவரில் ஆங்காங்கே குழாய்த் துண்டுகள். மழை பெய்தால் அவற்றின் வழியே செந்தண்ணீர் வடியும், சுவரெல்லாம் கறை.

மாரியம்மன் திருவிழா வருகிறது. கொழும்பிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். வெள்ளையடித்த சுவரில் கறை இருக்கலாமா? வரிசையே சேர்ந்து குழாய்களை அடைத்தது. என் கணவரும்தான். சுவர் பளிச்சென்று ஆனது. எல்லாருக்கும் சந்தோஷம்.

எனக்கும்தான் — வெள்ளிக்கிழமை வரை.

அன்று பள்ளியில் நான் நடத்தியது 'ஊடுபுகவிடும் தன்மை' பாடம். ஒரு பொருள் தன் வழியே இன்னொன்றை எவ்வளவு சுலபமாகப் போகவிடுகிறது என்பதுதான் அது. மண், துணி, நம் உடம்பின் உயிர்க்கலங்களைச் சுற்றியுள்ள மென்சவ்வு — எல்லாவற்றுக்கும் இது உண்டு. காந்தவியலில்கூட இதற்குத் தனியாக ஓர் அர்த்தம் இருக்கிறது. ஒரு புனலில் மணலும் இன்னொன்றில் களிமண்ணும் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். மணலில் சரசரவென்று இறங்கிவிட்டது. களிமண்ணின் மேல் அப்படியே நின்றது.

எங்கள் சுவருக்கு மேலே, கொய்யா மரத்தடியிலும் இப்போது இப்படித்தான் தண்ணீர் நிற்கிறது... முன்பெல்லாம் நின்றதில்லையே? மண் விட்ட தண்ணீரைச் சுவர் விடவில்லை. அப்படியானால் அத்தனை பாரமும் எங்கே சாய்ந்து நிற்கிறது? மகளின் அறைக்குப் பின்னாலுள்ள அந்தச் சுவரில்தானே!

கணவரிடம் சொன்னேன். "புத்தகத்த பார்த்துட்டு சொவத்த குத்த சொல்றியா? திருவிழா முடியட்டும்" என்றார். அவர் சொல்வதும் சரியோ? மகள் இரண்டு தும்மல் போட்டாலே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவள் நான். என் பயத்தை நானே நம்புவதில்லை.

ஆனால் சனிக்கிழமை வானம் மறுபடி இருட்டியது.

"மழைக்குத் திருவிழா தெரியாதுங்க" என்றேன். மகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, குழி தோண்டும் இரும்பு அலவாங்கை எடுத்தேன்.  நான் குத்துகிற குத்திலேயே சுவர் விழுந்துவிட்டால்? ஓரமாக நின்று குத்தினேன். மறுபடியும் குத்தினேன். சீமெந்து உடைந்து, செந்தண்ணீர் பீய்ச்சி என்னை முழுக்க நனைத்தது.

பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா எட்டிப் பார்த்தார். "என்னா டீச்சர், திருவிழா மஞ்சத்தண்ணி விளையாட்ட இப்பவே ஆரம்பிச்சிட்டீங்களா?"

கணவர் சிரிக்கவில்லை. தண்ணீர் வந்த வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலவாங்கை வாங்கி அடுத்த குழாயை அவரே குத்தினார்.

சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. ஞாயிறு காலை, பல்கூட விளக்காமல் கொய்யா மரத்தடிக்கு ஓடினேன். ஈரம் இருந்தது, தேங்கிய தண்ணீர் இல்லை! செல்வி அக்கா வீட்டுக்கு மேலேதான் குட்டை பெருத்திருந்தது. அவரும் அதைப் பார்த்தார். இந்தமுறை கேலி இல்லை.

"அந்த அலவாங்க கொஞ்சம் தாங்க டீச்சர்."

போன அலவாங்கு வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் என்னிடம் திரும்பவில்லை. வரிசை முழுக்கச் சுவரில் செங்கறை. மகள் அவளுடைய அறையில் தூங்குகிறாள்.

சொந்தக்காரர்கள் வரட்டும் — முதலில் அந்தக் கறையைத்தான் காட்டப் போகிறேன்.