பச்சை என்றே எழுதியவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். புதன்கிழமைதோறும் சர்க்கரை நோயாளிகளுக்கு வகுப்பு எடுப்பேன். வீட்டில் ரத்தத்தைச் சோதிக்கும் மெஷின் அப்போது வசதியானவர்களிடம் மட்டுமே இருந்தது. மற்றவர்களுக்கு நீல நிற மருந்தும் கண்ணாடிக் குழாயும்தான். மருந்தில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் மாறாதிருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். செங்கல் சிவப்பு என்றால் மோசம். வகுப்பில் காட்டும் வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, வந்த நிறத்தை நோட்டில் எழுதிவர வேண்டும்.

அந்த நோட்டுகளை நான் நம்பியதே இல்லை. டாக்டரைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள் உட்கார்ந்து ஒரு மாதத்துக்கும் சேர்த்து எழுதுகிறவர்கள் இருந்தார்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு. பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் தக்காளித் தோட்டம் வைத்திருந்த ஒருவரின் நோட்டில் மூன்று மாதமாகப் பச்சை, பச்சை, பச்சை. ஒவ்வொரு நாளும் வேறு மை, அங்கங்கே எண்ணெய்க் கறை. ஆனால் எங்கள் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எகிறிக்கொண்டிருந்தது. இவர் விவரமான ஆள், பேனாவைக்கூட மாற்றி எழுதுகிறார் என்று நினைத்தேன். 'நோட்டு பொய், பத்தியம் இல்லை' என்று முதல் மாதமே ஃபைலில் குறித்திருந்தேன்.

அவர் மனைவியைத் தனியே கூப்பிட்டு விசாரித்தேன்.

"எனக்கும் சந்தேகந்தானுங்க சிஸ்டர். டீக்கடையில என்னத்தத் திங்கறாரோன்னு தெனமும் சட்டைப் பையத் தடவிப் பாக்கறேன். ஒண்ணும் சிக்கறதில்ல."

அவருக்கோ எங்கள் மேல் சந்தேகம். "உங்க மெஷின்லதான் ஏதோ கோளாறுங்க அம்மணி. எதுக்கும் ஒருக்கா பாத்துப்போடுங்க."

அடுத்த புதன்கிழமை என் கண் முன்னாலேயே சோதிக்கச் சொன்னேன். ஸ்பிரிட் விளக்கில் குழாயைக் காட்டினார். செங்கல் சிவப்பு.

"என்ன கலருங்க?"

"பச்சைங்க."

"மூஞ்சிக்கு நேராவே பொய் சொல்றீங்களே!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார். "பொய் சொல்லி எனக்கு என்னங்க ஆகப்போகுது? நீங்க அட்டையில காட்டுன பச்சையாட்டத்தானுங்க இதும் இருக்குது."

கதவோரம் நின்ற மனைவி உள்ளே வந்தார். "சிஸ்டர், இவருக்குத் தக்காளியில காயெது பழமெதுன்னு தெரியாதுங்க. நாந்தான் பறிக்கோணும். சோம்பேறித்தனத்துக்குச் சொல்றாருன்னே இத்தன வருசமா நெனச்சுட்டு இருந்தேன்."

கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் புத்தகத்தை அவர் காட்டினார். பக்கம் பக்கமாகப் புரட்டியும், எல்லோருக்கும் தெரியும் முதல் பக்கத்து எண்ணைத் தவிர வேறு எதுவும் இவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண், பிறவியிலேயே.

ஃபைலில் நான் எழுதியதை அடித்தேன். ஆனால் அதை நம்பித்தான் டாக்டர் மூன்று மாதமாக மருந்தைக் கூட்டாமல், வாயைக் கட்டச் சொல்லியே அனுப்பிக்கொண்டிருந்தார். அதற்குள் தோட்டக்காரரின் பாதத்தில் ஒரு புண் வந்துவிட்டது. இன்சுலின் தொடங்கினோம். மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கே தெரியலீங்களே, உங்களுக்கு எப்படீங்க தெரியும்?" என்றார். அதைக் கேட்க இன்னும் சங்கடமாக இருந்தது.

புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது. நிறம் பார்க்கும் பொறுப்பை மனைவி ஏற்றுக்கொண்டார். இடையில் ஒரு நாள், வகுப்பில்லாத நாளில், கணவர் மட்டும் வந்தார். கைக்குட்டையில் சுற்றியிருந்த குழாயை எடுத்து நீட்டினார்.

"இது செகப்புன்னு ஊட்டுக்காரி சொல்றாளுங்க அம்மணி. நேத்து இனிப்புக்கு ஒப்புட்டு ஒண்ணு கேட்டேன், குடுக்கமாட்டேன்னுட்டா. வேணும்னே சொல்றாளோன்னு இருக்குது."

"செகப்புதானுங்க."

என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் இப்பத்தான் ரொம்பச் சிநேகிதமாயிட்டீங்களே" என்று முணுமுணுத்துக்கொண்டே, மருந்து கொடுக்கும் ஜன்னலில் குழாயைக் காட்டி நிறம் விசாரிக்கப் போனார்.