அம்மாக்களின் வருகைப் பதிவேடு

ஜன்னல் கம்பிகளுக்கு இடையே தெரிந்த முகங்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. தொண்ணூறுகளின் தொடக்கம். மலேசியாவில், மஸ்ஜித் தானா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. அந்தப் பள்ளியில் அம்மாக்கள் யாரும் வகுப்புக்குள் கால் வைக்கமாட்டார்கள். பிள்ளை மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வேண்டுமா, ஜன்னல். காய்ச்சல் என்று சொல்ல வேண்டுமா, அதற்கும் ஜன்னல். பக்கத்திலேயே கதவு அகலத் திறந்து கிடக்கும். “உள்ள வாங்கக்கா” என்று கூப்பிட்டால், “இல்ல டீச்சர், மேலெல்லாம் பால் நாத்தம்” என்று இரண்டடி பின்னால் நகர்ந்துவிடுவார்கள். பால் எடுக்க மரம் சீவிவிட்டு வருகிறவர்களின் உடுப்பில் ரப்பர்ப் பால் காய்ந்து ஒரு வாடை வரும், உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தால் பிள்ளை ஏதோ வம்பு பண்ணியிருக்கிறது என்று பொருள். பெற்றவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் வருவது திட்டு வாங்குவதற்கு மட்டும் என்று தோட்டம் முழுவதும் பதிந்து போயிருந்தது.

எனக்கு அது பொறுக்கவில்லை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது, வாயும் கொஞ்சம் அதிகம். மலாக்கா டவுனிலிருந்து தினமும் தஞ்சோங் கிளிங் வழியாக பஸ் பிடித்து வருகிறவள், இந்தத் தோட்டத்தையே மாற்றிக் காட்டுகிறேன் என்கிற நினைப்பு வேறு. “ஒரு சனிக்கிழமை அம்மாக்களை வகுப்புக்குக் கூப்பிடப் போகிறேன் சார், புகார் சொல்ல இல்லை, விருந்தாளியாக” என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “என்ன டீச்சர், கல்யாணமா நடத்தப் போறீங்க?” என்றார். கல்யாணம் மாதிரிதான் சார் என்று நானும் சொல்லிவிட்டேன்.

இன்றைக்கும் இளம் ஆசிரியைகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள், பெற்றோரை வகுப்புக்குள் வரவைக்க என்ன செய்யலாம் டீச்சர் என்று. அவர்களிடம் கைப்பேசிக் குழு இருக்கிறது, வண்ண அட்டை இருக்கிறது, பலூன் இருக்கிறது. என்னிடம் இருந்தது பதினோரு பிள்ளைகளும் ஒரு பன்னீர்ச் சொம்பும். வாசலில் ஒரு பையன் பன்னீர் தெளிப்பான், ஒரு பெண் சந்தனக் கிண்ணத்தை நீட்டுவாள். ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன்னுடைய நாற்காலியில் உட்கார வைக்கும். அம்மா உட்காருவாள், பிள்ளை நிற்கும். பிறகு மேசைக்குள் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்துக் காட்ட வேண்டும், ஒளிக்கக் கூடாது. அதன் பிறகு குளிர்ந்த சிராப் தண்ணீர். இதுவரை நான் சொல்லும்போது அவர்கள் குறிப்பு எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியாகச் செய்ததைச் சொல்லும்போது நான் கொஞ்சம் நிதானித்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக வைத்திருந்தது வருகைப் பதிவு. தினமும் நான் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுகிறேன், இன்றைக்குப் பிள்ளைகள் அம்மாக்களின் பெயரைக் கூப்பிடட்டும் என்பது என் யோசனை. அதற்கென்று புது நோட்டுப் புத்தகம் ஒன்றில் கோடு போட்டேன். அந்தத் தோட்டத்தில் ஒரு பெண்ணின் பெயர் சத்தமாக ஒலிப்பது விடிவதற்கு முன்னால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மட்டும்தான். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் ஆள் எடுக்கும்போது கூப்பிடுவார், இவர்கள் பதில் சொல்லுவார்கள். மற்ற நேரமெல்லாம் அக்கா, அண்ணி, இன்னார் அம்மா. பிள்ளைகள் அம்மா பெயரைச் சொல்வதே மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள். ஒரு நாளைக்கு மட்டும் சொல்லலாம் என்று டீச்சரே அனுமதி கொடுத்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?

பெயர்களை எழுதி வைக்க வேண்டுமே. “பிள்ளைகளக் கேட்டு, அவங்க வீட்டுலயும் கேட்டு எழுதிக்குங்க டீச்சர்” என்றார் தலைமையாசிரியர். நான் கேட்கவில்லை. ஒரு பையனிடம் கேட்டதற்கு “எங்கம்மா பேரு அம்மா” என்றான், அதோடு விட்டுவிட்டேன். அலுவலக அலமாரியில் பிள்ளைகளின் பிறப்புப் பத்திர நகல்கள் இருந்தன. அரசாங்கத் தாளில் இருப்பது எப்படித் தப்பாகும்? பதினொன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, தாய் பெயர் என்ற இடத்தில் இருந்ததைப் பார்த்து அழகாக நோட்டில் எழுதினேன். என் கையெழுத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்தார்கள். பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, குளித்து, கோயிலுக்குப் போகிற சேலையில் வந்தார்கள். வாசலில் சற்றுத் தயங்கினார்கள். பன்னீர்ப் பையன் முகத்திலேயே அடித்துவிட்டதில் சிரிப்பு வந்து, சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்கள். முழங்கால் மார்பில் இடிக்க அந்தக் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மேசைகளுக்குள்ளிருந்து ரப்பர்க் கொட்டைகள், ஒற்றைச் செருப்பு, போன மாதத்து ரொட்டித் துண்டு எல்லாம் வெளியே வந்தன. “இத வீடெல்லாம் தேடுனேனே” என்று ஒரு அம்மா தன் சமையலறைக் கரண்டியை எடுத்துக்கொண்டார். அந்த அறையில் அவ்வளவு சத்தத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

பிறகு வருகைப் பதிவு. ஒவ்வொரு பிள்ளையாக என் மேசைக்குப் பின்னால் வந்து நின்று, நோட்டைப் பார்த்து எழுத்துக்கூட்டி அம்மாவின் பெயரைக் கூப்பிட்டது. அம்மா கையைத் தூக்கி “வந்திருக்கேன் டீச்சர்” என்றாள். நான் பேனாவால் சரி போட்டேன். “காலைல மண்டோர் கூப்பிடுறான், இப்ப இவன் கூப்பிடுறான்” என்று ஒருத்தி சிரித்தாள். “எம் புருசங்கூட எம் பேர இப்படி வாய் நெறையச் சொன்னதில்ல லா” என்றாள் இன்னொருத்தி. ஆறு பெயர் முடிந்தது. ஏழாவதாக வந்தவள் வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிற சிறுமி. இரட்டைச் சடை, எதையும் சரி பார்க்காமல் விடாத குணம். நோட்டைப் பார்த்துத் தடங்கலில்லாமல் பெயரைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட பிறகுதான் நின்று யோசித்தாள். “டீச்சர், இது எங்கம்மா பேரு இல்ல” என்றாள்.

நான் எழுத்தைத்தான் தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று குனிந்தேன். அதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து அவளுடைய அம்மா எழுந்து நின்றார். மற்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்கள், அவர் எழுந்தார். நேராக மகளைப் பார்த்துக் கையைத் தூக்கி, “வந்திருக்கேன் டீச்சர்” என்றார். “அது ஒம் பேரு இல்லம்மா” என்றாள் சிறுமி. “அதுவும் என் பேருதான்” என்றார் அவர்.

உடனே அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, அதே லயத்து வரிசைக் குடியிருப்பில் அடுத்த வீடு, பெரிய குரலில் ஆரம்பித்தார். “எனக்குங்கூட ரெண்டு பேரு. வீட்டுல ஒண்ணு, சூராட் பெரானாக்ல ஒண்ணு.” பிறப்புப் பத்திரத்தை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். பின்னாலிருந்து ஒருத்தி தனக்கு மூன்று என்றாள். தன் பெயரைப் பதிவு ஆபீசில் தப்பாக எழுதி, ஆம்பிளைப் பெயராக்கிவிட்டார்கள் என்றாள் இன்னொருத்தி. ஒரே சிரிப்பு. சிறுமியும் சிரித்தாள். நான் சரி போட்டுவிட்டு எட்டாவது பிள்ளையைக் கூப்பிட்டேன். என் நிகழ்ச்சி இப்படிக் களை கட்டுகிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

எல்லாரும் போன பிறகு அந்த அடுத்த வீட்டு அம்மா மட்டும் திரும்பி வந்தார். அவர் குரலில் சிரிப்பு இல்லை. “டீச்சர், நீங்க கூப்பிட வச்சது செத்துப்போனவ பேரு” என்றார். அந்தச் சிறுமியைப் பெற்றவள் பெற்ற மூன்றாம் நாளே போய்விட்டாள். பிறப்புப் பத்திரத்தில் இருந்தது அவள் பெயர். வளர்ப்பவர் அவளுடைய தங்கை, பிள்ளைக்காகவே அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். பிள்ளைக்கு இது தெரியாது. தோட்டத்தில் மற்ற எல்லாருக்கும் தெரியும், ஏழு வருடமாக ஒரு வாய்கூடச் சொன்னதில்லை. “நாங்க இத்தன பேரு கட்டிக் காத்தத ஒரு நோட்டுப் புத்தகத்துல வச்சுப் போட்டு ஒடைக்கப் பாத்தீங்களே” என்றார். அந்த அறையில் இருந்த மற்ற பத்துப் பெண்களும் ஒரே நொடியில் புரிந்துகொண்டு சிரித்தது எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. படித்தவள் நான் ஒருத்திதான் புரியாமல் சிரித்திருக்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாத நாள். இருந்தும் கிளம்பினேன். சிறுமியின் அம்மா லயத்துக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காரப் பலகையைத் தேடினார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய வார்த்தைகளைப் பஸ்ஸிலேயே தயார் பண்ணி வைத்திருந்தேன். பாதியிலேயே அழுதுவிட்டேன். “பிள்ளைகிட்டக் கேக்காம, உங்ககிட்டயும் கேக்காம, தாளப் பாத்து எழுதிட்டேன்க்கா” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த சோப்பைக் கல்லின் மேல் வைத்தார். “அக்கா செத்ததுலேருந்து அவ பேர யாரும் வாய்விட்டுச் சொன்னதில்ல டீச்சர். எம் புருசன் சொல்றதில்ல, எங்கம்மா சொல்றதில்ல. நேத்து அவ பெத்த பிள்ளையே கூப்பிட்டுச்சு. கூப்பிட்டா யாராவது பதில் சொல்லணும்ல?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா இவ நம்பல. நேத்துலேருந்து மூணு தடவ கேட்டுட்டா. நாளைக்கு வெளியில யாராச்சும் சொல்லி, நீ எனக்கு அம்மா இல்லன்னு வந்து நின்னா நான் என்ன டீச்சர் பண்ணுவேன்?”

நான் வாய் திறப்பதற்குள் சிறுமி வீட்டுக்குள்ளிருந்து வந்துவிட்டாள். டீச்சர் வீடு தேடி வந்த அதிசயத்தைக்கூட அவள் கண்டுகொள்ளவில்லை. “டீச்சர், நேத்து நான் கூப்பிட்டது யாரு பேரு?” என்று என்னையே கேட்டாள். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். “சாமி மேடையில பெரியம்மா படம் இருக்குல்ல, அவங்க பேரு. ஒன்னப் பெத்தது அவங்கதான். பெத்துட்டு மூணா நாளு செத்துட்டாங்க. அன்னிக்கு ஒன்னத் தூக்குனவ நான். இன்னும் எறக்கல” என்றார். இவ்வளவுதான் சொன்னார். ஏழு வருடம் சொல்லத் தெரியாமல் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

சிறுமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் என் பக்கம் திரும்பி, “பெரியம்மா வரலியே. அம்மா உங்ககிட்டப் பொய் சொன்னாங்களா?” என்றாள். “பொய் இல்லடா. அவங்களுக்காக அம்மா பதில் சொன்னாங்க. நான் சரி போட்டுட்டேன், போட்டா போட்டதுதான்” என்றேன். அவள் உதடு துடிக்க ஆரம்பித்தது. “அப்ப அம்மாவுக்கு? அம்மாவும்தானே வந்தாங்க. அம்மாவுக்கு நீங்க சரி போடலியே டீச்சர்” என்று கேட்டு, அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே போய் அந்த அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நோட்டு என் பையில்தான் இருந்தது. துவைக்கிற கல்லின் ஓரத்தில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைத்து விரித்தேன். பதினோராவது பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டேன். “சொல்லு, அம்மா பேரு என்ன?” என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், நான் எழுதினேன். எழுதியதை விரல் வைத்துப் படித்துச் சரி பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று, வகுப்பில் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டாள். அந்த அம்மா கையை மட்டும் தூக்கினார். அடுத்த வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மாதான் “வந்திருக்கா, வந்திருக்கா, போடுங்க டீச்சர்” என்றார்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் நோட்டை வாங்கிப் பார்த்தார். விரலால் எண்ணிக்கொண்டே கீழே வந்தார். “பிள்ளைங்க பதினோரு பேரு, அம்மாங்க பன்னெண்டு பேரு. எங்கயோ இடிக்குதே டீச்சர்” என்றார்.

“இல்ல சார்” என்றேன். “இப்பதான் சரியா இருக்கு.”