வெறும் சோப்பும் போட்ட வட்டம்

என் தங்கைக்கு வீட்டில் பம்பரம் என்று பெயர். உட்கார வைத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவள் வேதியியல் படித்தவள். நான் எட்டாவதோடு தையல் மிஷினுக்கு வந்தவள். அதனால் எங்கள் சோப்புத் தொழிலில் யோசனை அவளுடையது, எடை என்னுடையது. தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா, வேப்பிலைச் சாறு எதுவானாலும் ஒரு கிராம் கூட விடமாட்டேன்.

பெரிய மருந்துக்கடைக்காரர் ஒருவர் சோப்பை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். உறையில் வேப்பிலைப் படமும் 'கிருமிகளைக் கொல்லும்' என்ற வரியும் இருக்க வேண்டும் என்றார். "கொல்லுதான்னு பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றாள் தங்கை. இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் அவள் பழையபடி பில் போடும் நாற்காலிக்குத்தான் போக வேண்டும். அந்த நாற்காலி அவளுக்குச் சிறை.

தெர்மோகோல் பெட்டிக்குள் சூட்டுக்காக ஒரு பல்பை மாட்டினாள். கிருமி வளர்வதற்கான ஜெல்லி ஊற்றிய தட்டில் தன் உள்ளங்கையைத் தேய்த்தாள். சோப்புத் தண்ணீரில் நனைத்த காகிதப் பொட்டு ஒன்றை நடுவில் வைத்தாள். கிருமி வளர்ந்தால் தட்டு வெளுத்துவிடும்; சோப்பு தடுத்தால் பொட்டைச் சுற்றி ஒரு வட்டம் தெளிவாக நிற்கும்.

வட்டம் நின்றது. தையல் ஸ்கேலை வைத்து இரண்டு முறை அளந்தேன். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே கடைக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டேன். அவளோ அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"இன்னும் என்னடி குறை?"

"இலை கொன்னுச்சா, சோடாக் காரம் கொன்னுச்சாக்கா?"

"செத்த கிருமிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"உறையில போடப்போறது இலைப் படமாச்சே."

இலை சேர்க்காமல், அதே எண்ணெய், அதே எடையில் இன்னொரு சோப்பு செய்தோம். மறுபடியும் தட்டு, பெட்டி, பல்பு. அவள் போகும்போதும் வரும்போதும் மூடியைத் திறந்தாள். பொறுக்க முடியாமல் இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் தூக்கி வைத்தேன்.

கடைசியில் திறந்தபோது வெறும் சோப்பும் அதே அளவு வட்டம் போட்டிருந்தது.

அன்று மாலையே கடைக்காரர் அச்சடித்த உறைகளோடு வந்து நின்றார்.

"இலையால ஒண்ணும் நடக்கல சார். இலைப் படத்தோட அந்த வரி வேண்டாம்."

"வட்டம் வந்துச்சுன்னு அக்கா சொன்னாங்களே."

"வெறும் சோப்புக்கும் வந்துச்சு."

"அதை யாரும்மா வந்து பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேனே சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா."

"அளந்ததே நான்தான் சார். ரெண்டும் ஒரே அளவு" என்றேன். சொல்லும்போதே அந்த பில் போடும் நாற்காலி ஞாபகம் வந்தது. ஆனாலும் அவள் பக்கத்தில் நிமிர்ந்துதான் நின்றேன்.

உறைக் கட்டைத் தூக்கிக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார். அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"காரத்துல போட்டதும் சாறு கெட்டுப்போகுதோ என்னவோ. சோப்பு ஆனப்புறம் கடைசியா கலந்து பாத்தா என்னக்கா?"

"முதல்ல வேலைக்கு என்ன பண்ணப் போறே?"

"பில் போடத்தான் போறேன், நாளைக்கே போறேன். சாயங்காலம் வந்து கிண்டுறேன்" என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "எண்ணெய் தீந்துபோச்சு. பை எங்கக்கா?"